ஜார்ஜ் தாம்சன்: ஈஸ்கிலஸ் முதல் சங்கப் பாணர் வரை

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிரேக்கப் பேராசிரியராக இருந்தவர் ஜார்ஜ் டெர்வென்ட் தாம்சன் (1903–1987). செவ்வியல் உலகில் அவருக்கு இரண்டு முகங்கள். ஒன்று, பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் மூலபாடத்தை எழுத்தெழுத்தாகச் சோதித்துப் பதிப்பித்த பழைய கேம்பிரிட்ஜ் மரபின் புலமையாளர் முகம். மற்றொன்று, அதே நாடகங்களுக்குள் இனக்குழு வாழ்க்கையின் சிதைவையும் அடிமைச் சமூகத்தின் எழுச்சியையும் கண்ட மார்க்சியரின் முகம். முதல் முகத்தை மதித்தவர்களில் பலர் இரண்டாவதைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். இரண்டாவதைக் கொண்டாடியவர்களோ முதலாவதைப் பெரும்பாலும் அறியவே இல்லை. தமிழ் வாசகருக்கு அவர் முக்கியமாவதற்கு வேறொரு காரணம் உண்டு. தமிழிலக்கிய ஆய்வாளர்களான க. கைலாசபதியும் கார்த்திகேசு சிவத்தம்பியும் தங்கள் முனைவர் பட்ட ஆய்வை அவரிடம்தான் செய்தார்கள்.

தாம்சன் பிறந்தது லண்டனின் தெற்குப் பகுதியான டல்விச்சில். டல்விச் கல்லூரியில் பள்ளிப் படிப்பு. பிறகு கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் செவ்வியல் படித்து முதல் வகுப்பில் தேறினார். அக்காலத்து ஆங்கிலேய மாணவன் ஒருவன் செல்லக்கூடிய வழக்கமான பாதைதான் இது. வழக்கமல்லாத ஒன்றையும் அவர் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கியிருந்தார்: லண்டனில் கேலிக் லீக் நடத்திய வகுப்புகளில் ஐரிஷ் மொழி கற்றார். அயர்லாந்து விடுதலைக்குப் போராடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த மொழியைக் கற்பதே ஓர் அரசியல் நிலைப்பாடு.

1923இல், இருபது வயதில், அந்த மொழியைப் பேசிப் பழகுவதற்காக அயர்லாந்தின் மேற்குக் கோடியில், கெர்ரி மாவட்டத்தின் டிங்கிள் தீபகற்பத்துக்கு அப்பால் உள்ள பெரிய பிளாஸ்கெட் தீவுக்குப் போனார். நூற்றைம்பது பேர் அளவில் வாழ்ந்த சிறு தீவு அது. மீன்பிடிப்பு, ஆடு வளர்ப்பு, உருளைக்கிழங்குப் பயிர், எரிப்பதற்கு மலையில் வெட்டியெடுக்கும் கரிமண், இவைதான் பிழைப்பு. மருத்துவரோ பாதிரியாரோ தேவைப்பட்டால் கொந்தளிக்கும் நீரிணையைத் தோணியில் கடக்க வேண்டும். இத்தனை வறுமைக்கு நடுவிலும் அத்தீவின் பேச்சு மொழி வளம் மிக்கது என்று பெயர் பெற்றிருந்தது. நார்வேயின் கார்ல் மார்ஸ்ட்ராண்டரும் பிரிட்டிஷ் மியூசியத்தின் ராபின் ஃபிளவரும் தாம்சனுக்கு முன்பே அங்கு மொழி கற்க வந்து போனவர்கள். தோமாஸ் ஓ கிரிஹன், பெய்க் சேயர்ஸ் போன்றோரின் தன்வரலாறுகள் பின்னாளில் அந்தத் தீவிலிருந்தே வந்தன.

தாம்சன் அங்கே கற்றது மொழியை மட்டும் அன்று. எழுதப் படிக்கத் தெரியாத, கிழிந்த உடை உடுத்திய மீனவர்களின் பேச்சு, ஓசை ஒழுங்கும் எதுகை மோனையும் மரபுத் தொடர்களும் கலந்து எந்த நேரமும் கவிதையாக மாறிவிடும் நிலையில் இருந்ததைக் கவனித்தார். ஹோமரின் மொழி, பல பண்டிதர்கள் எண்ணியதுபோல் ஏட்டில் செய்த செயற்கை மொழி அன்று என்றும், பாடலும் பேச்சும் முற்றிலும் பிரிந்துவிடாத ஒரு சமூகத்தில் அப்படித்தான் பேசவும் பாடவும் முடியும் என்றும் பிற்காலத்தில் அவர் எழுதியதற்கு வேர் இங்கே இருக்கிறது. ஏறத்தாழ இதே ஆண்டுகளில் மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் ஹோமரின் வாய்பாட்டுத் தொடர்களை ஆராய்ந்து, அதன் பின் யுகோஸ்லாவியப் பாடகர்களைத் தேடிப் போனார். பாரி கேள்வியோடு களத்துக்குப் போனவர். தாம்சனுக்குக் களம் முதலில் வாய்த்தது, கேள்வி பிறகுதான் பிறந்தது.

‘மார்க்சியமும் கவிதையும்’ என்ற சிறு நூலில் அவர் தரும் காட்சி ஒன்று இதற்கு நல்ல சான்று. அட்லாண்டிக் கடலைப் பார்த்தபடி உயரத்தில் இருக்கும் ஒரு சிற்றூர். மாலை நேரத்தில் ஊர்க் கிணற்றடியில் தமக்குப் பழக்கமான முதிய குடியானவப் பெண்ணொருவரைச் சந்திக்கிறார். வாளிகளில் நீர் நிரப்பிவிட்டு அந்த அம்மையார் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கணவர் இறந்துவிட்டார், ஏழு மகன்களும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய்விட்டார்கள். தங்களோடு வந்து இருக்கும்படி அழைத்து, சம்மதித்தால் பயணச் செலவுக்குப் பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு மகன் கடிதம் எழுதியிருக்கிறான். கரிமண் எடுக்க மலையேறி இறங்கும் பாடு, தொலைந்துபோன கோழிகள், புகை மண்டிய குடிசை, தெருவில் பொன் கிடக்கும் என்று கேள்விப்பட்ட அமெரிக்கா, கார்க் நகருக்கு ரயில், கடல் கடக்கும் கப்பல், தன் எலும்பு சொந்த மண்ணிலேயே கிடக்க வேண்டும் என்ற ஆசை என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறுகிறது; சொற்கள் சந்தம் கொள்கின்றன; உடல் தொட்டில்போல் அசைகிறது. பிறகு ஒரு சிரிப்போடு வாளிகளைத் தூக்கிக்கொண்டு வீடு போய்விடுகிறார். எழுத்தறிவில்லாத ஒருவரிடம், முன்னேற்பாடு ஏதுமின்றி வந்த அந்தப் பேச்சு கவிதையா இல்லையா என்பதுதான் தாம்சனின் கேள்வி. நம் ஊர் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்தவருக்கு விடை சொல்லத் தயக்கம் இராது.

தீவில் அவருக்குக் கிடைத்த நெருங்கிய நண்பர் மாரிஸ் ஓ சலிவன். அமெரிக்காவுக்குப் போகவிருந்த ஓ சலிவனைத் தடுத்து அயர்லாந்திலேயே காவல்துறையில் சேரத் தூண்டியவரும், தன் இளமைக் கதையை எழுதத் தூண்டியவரும் தாம்சன். அந்நூல் ‘வளர்ந்த இருபது ஆண்டுகள்’ என்று பொருள்படும் தலைப்பில் 1933இல் ஐரிஷில் வந்தது. மோயா லெவெலின் டேவிஸுடன் சேர்ந்து தாம்சன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும் அதே ஆண்டில், நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டரின் முன்னுரையோடு வெளியாயிற்று. இன்றும் அயர்லாந்தில் தாம்சன் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது இந்தப் புத்தகம்தான். அங்கே அவருக்கு ‘ஷோர்ஷா மக் தோமாஷ்’ என்ற ஐரிஷ் பெயரே உண்டு.

1931இல் கால்வே பல்கலைக்கழகக் கல்லூரியில் கிரேக்க விரிவுரையாளரானார். அங்கே கிரேக்கத்தை ஐரிஷ் மொழி வழியாகக் கற்பித்தார். பாடநூல் இல்லாத இடத்தில் பாடநூலை உருவாக்கினார். பிளேட்டோவின் உரையாடல்களையும் கிரேக்க நாடகங்களையும் ஐரிஷில் பெயர்த்தார். கிரேக்கத் தத்துவத்தின் தொடக்கம் பற்றி அம்மொழியிலேயே ஒரு நூல் எழுதினார். செவ்வியல் கல்வி என்பது ஆங்கிலம் கற்ற சிலரின் சொத்து என்றிருந்த நாட்டில் இது துணிச்சலான முயற்சி. பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஐரிஷ் பேசும் சிற்றூர்களுக்கும் உயர்கல்வியைக் கொண்டுபோக வேண்டும் என்ற அவருடைய திட்டத்துக்கு ஆதரவு கிடைக்கவில்லை. 1934இல் மனம் சலித்துக் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார். அதே ஆண்டு இசைக் கலைஞர் காதரின் ஸ்டூவர்ட்டை மணந்தார்.

கிரேக்க அறிஞர் ஈ. ஆர். டாட்ஸ் 1936இல் ஆக்ஸ்ஃபோர்டின் ரீஜியஸ் கிரேக்கப் பேராசிரியராகப் போனார். அவர் விட்டுச் சென்ற பர்மிங்காம் கிரேக்க இருக்கைக்கு வந்த தாம்சன், 1970இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். கம்யூனிஸ்ட் கட்சியில் அவர் சேர்ந்ததும் 1936 அளவில்தான். பர்மிங்காம் தொழிற்சாலை நகரம். பகலில் மாணவர்களுக்குக் கிரேக்க இலக்கணம் நடத்திய பேராசிரியர், மாலையில் மோட்டார் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு மார்க்சிய வகுப்பு எடுத்தார். பழங்கிரேக்கத்தோடு இன்றைய கிரேக்க மொழியையும் கற்பிக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். பழைய மொழி செத்த மொழி என்ற எண்ணமே பிழை, அது இன்றும் பேசப்படும் மொழியின் முந்தைய நிலை என்பது அவர் வாதம்.

புலமைப் பணியில் அவர் கால் பதித்த இடம் கிரேக்க யாப்பு. முதல் நூலான ‘கிரேக்க இசைப்பா யாப்பு’ 1929இல் வந்தது. 1932இல் ஈஸ்கிலஸின் ‘கட்டுண்ட புரோமிதியூஸ்’ பதிப்பு. 1938இல் ‘ஓரெஸ்தியா’ முத்தொடர் நாடகங்களின் இரண்டு தொகுதிப் பதிப்பு. இளம் வயதில் மறைந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் வால்டர் ஹெட்லம் விட்டுச்சென்ற குறிப்புகளையும் சேர்த்துச் செய்தது இது. படியெடுப்பவர்கள் கவிதையின் சிக்கலான சொல்வரிசையைத் தம்மை அறியாமலே எளிய உரைநடை வரிசையாக மாற்றி எழுதிவிடுவார்கள் என்பது ஹெட்லம் கண்ட உண்மை. தாம்சன் அதை ஒரு முறையாகவே வளர்த்து, சிதைந்த அடிகளைச் சீர் செய்யப் பயன்படுத்தினார். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த நம் பதிப்பாசிரியர்களுக்கும் பழக்கமான தொல்லைதான் இது. தாம்சனைக் கோட்பாட்டுக்காரர் என்று தள்ளிவிடுபவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

‘ஈஸ்கிலஸும் ஏதென்ஸும்’ 1941இல், போர் நடந்துகொண்டிருந்தபோது வெளிவந்தது. அவருடைய நூல்களில் அதிகம் படிக்கப்பட்டதும் அதிகம் சர்ச்சைக்குள்ளானதும் இது. அதன் வாதம் நீளமானது. சாரத்தை மட்டும் சொல்லலாம். இனக்குழுச் சமூகத்தில் சிறுவனை வளர்ந்த ஆணாக ஏற்றுக்கொள்ளும் சடங்கில், பழைய பிள்ளை இறந்து புதிய மனிதன் பிறப்பதாக நடித்துக் காட்டுவார்கள். இனக்குழு சிதைந்தபின் அந்தச் சடங்கு இரகசியக் குழுக்களின் வழிபாடாகவும், டயோனிசஸ் தெய்வத்தின் கூத்தாகவும் நிலைத்து, ஏதென்ஸ் நகர அரசின் கைக்கு வந்தபோது துன்பியல் நாடகமாக மலர்ந்தது என்பது தாம்சனின் கருத்து. நாடகத்தின் பிறப்பைச் சடங்கில் தேடியவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. ஜேன் ஹாரிசன் முதலிய கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் அதைத்தான் செய்தார்கள். சடங்கு ஏன் மாறியது என்ற கேள்விக்கு நிலவுடைமையிலும் உற்பத்தி முறையிலும் விடை தேடியதுதான் தாம்சன் புதிதாகச் சேர்த்தது.

‘ஓரெஸ்தியா’வை அவர் படித்த விதம் இந்த முறையின் வலிமையைக் காட்டும். கிளைத்தெம்னெஸ்த்ரா கணவன் அகமெம்னனைக் கொல்கிறாள். மகன் ஓரெஸ்தெஸ் தாயைக் கொன்று பழிதீர்க்கிறான். தாயின் இரத்தத்துக்காகப் பழிவாங்கும் தெய்வங்கள் அவனைத் துரத்துகின்றன. கடைசியில் ஏதென்ஸின் அரியோபாகஸ் குன்றில் அதீனா தேவி ஒரு நீதிமன்றத்தை நிறுவுகிறாள்; வாக்குகள் சமமாகப் பிரிய, தேவியின் வாக்கால் அவன் விடுதலை பெறுகிறான். குலத்துக்குக் குலம் பழிதீர்க்கும் முறை ஒழிந்து அரசின் நீதி நிலைபெறும் வரலாறு இது என்றார் தாம்சன். பெற்றவள் தாய் அல்ல, தந்தையே உயிர் தருபவன் என்று அப்பல்லோ வாதிடும் இடத்தைப் பலரும் விநோதமான பழைய உடற்கூற்றுக் கருத்து என்று கடந்துவிடுவார்கள். தாய்வழி உரிமை தோற்று, சொத்து தந்தைவழியில் இறங்கும் முறை வெல்லும் தருணம் அதுதான் என்று அவர் பிடித்து நிறுத்தினார். நாடகம் அரங்கேறியது கி.மு. 458இல். அதற்கு மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன்தான் அரியோபாகஸ் மன்றத்தின் அதிகாரத்தை ஜனநாயகக் கட்சி பெருமளவு பறித்திருந்தது. அந்த மன்றத்தின் பிறப்பை ஈஸ்கிலஸ் மேடையேற்றியதை அன்றைய பார்வையாளர்கள் வெறும் புராணமாகக் கண்டிருக்க முடியாது.

விதியின் தேவதைகளான மொய்ராக்கள் பற்றிய பகுதியும் புகழ்பெற்றது. வேட்டையில் கிடைத்த இறைச்சியையும் பொதுநிலத்தையும் சீட்டுப் போட்டுச் சமமாகப் பங்கிட்ட காலத்தில் ஒவ்வொருவருக்கும் விழுந்த பங்கே, பின்னாளில் ஒவ்வொருவருக்கும் எழுதிவைத்த விதியாக மாறியது என்பது அவர் விளக்கம். தொல்காப்பியம் சொல்லும் பால்வரை தெய்வத்தை, அதாவது அவரவர் பங்கை வகுக்கும் ஊழை, அறிந்தவருக்கு இது எளிதில் பிடிபடும்.

1945இல் வந்த ‘மார்க்சியமும் கவிதையும்’ அளவில் மிகச் சிறியது. உழைப்பின் ஓசை ஒழுங்கிலிருந்து பாட்டு பிறந்தது என்ற ஜெர்மன் பொருளியலறிஞர் கார்ல் பூச்சரின் கருத்தை எடுத்து, துடுப்பு வலிக்கும் பாட்டில் மாறாமல் திரும்பத் திரும்ப வரும் கூவல் ஒன்றும், பாடுபவர் அவ்வப்போது இட்டுக்கட்டும் சொற்கள் ஒன்றுமாக இரண்டு உறுப்புகள் இருப்பதைக் காட்டினார். நம் ஏலேலோப் பாட்டுக்கு இது அப்படியே பொருந்தும். மாவோரிப் பெண்களின் உருளைக்கிழங்கு நடனமும் அதில் வருகிறது. கீழைக் காற்றில் இளம்பயிர் கருகிவிடும் என்ற அச்சத்தில் பெண்கள் வயலில் இறங்கி, காற்றும் மழையும் வருவதுபோலவும் பயிர் முளைத்துப் பூப்பதுபோலவும் ஆடிப் பாடி, தங்களைப் பார்த்து வளரும்படி பயிரை அழைப்பார்கள். ஆட்டத்தால் பயிர் வளராது. ஆனால் ஆடியவர்கள் நம்பிக்கையோடு பயிரைப் பேணுவார்கள், அதனால் பயிரும் தேறலாம். கலை உலகை நேரே மாற்றுவதில்லை, உலகை மாற்றும் மனிதரை மாற்றுகிறது என்ற தம் கருத்தை அவர் இந்த எடுத்துக்காட்டில் வைத்துவிட்டார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் இறந்த மார்க்சிய விமர்சகர் கிறிஸ்டோபர் காட்வெல்லின் கவிதைக் கோட்பாட்டை இடதுசாரிகளே தாக்கிய 1950களின் தொடக்கத்தில், காட்வெல்லுக்காக வாதாடிய முதன்மைக் குரல் தாம்சனுடையது.

‘பண்டைக் கிரேக்கச் சமூக ஆய்வுகள்’ என்ற பெருந்திட்டத்தின் இரண்டு தொகுதிகள் 1949இலும் 1955இலும் வந்தன. முதல் தொகுதியான ‘வரலாற்றுக்கு முந்தைய ஏஜியன்’ அவருடைய நூல்களில் பலவீனமானது என்றே சொல்ல வேண்டும். மானிடவியலாளர் மோர்கனும் எங்கல்ஸும் வகுத்த சமூகப் படிநிலைகளை அப்படியே ஏற்று, ஏஜியன் உலகம் முழுவதும் தாய்வழிச் சமூகம் நிலவியதாக நிறுவ முயன்றார். உறவுமுறைச் சொற்களையும் தொன்மங்களையும் சான்றாகக் கொண்டு இத்தனை பெரிய கட்டடம் எழுப்ப முடியாது. மானிடவியலும் மோர்கனின் படிநிலைகளை அதற்கு முன்பே கைவிடத் தொடங்கியிருந்தது.

இரண்டாம் தொகுதியான ‘முதல் தத்துவஞானிகள்’ வேறு தரத்தது. தேலீஸ், அனாக்சிமாண்டர் போன்ற முதல் கிரேக்கச் சிந்தனையாளர்கள் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் மைலீட்டஸ் என்ற வணிக நகரில் தோன்றியது ஏன்? உலகின் முதல் நாணயங்கள் புழங்கிய பகுதிக்குள் அந்த நகரம் இருந்தது. பலவகைப் பொருள்களையும் ஒரே மதிப்பால் அளக்கும் பழக்கம் அன்றாட வாழ்வில் வேரூன்றியபின்தான், பலவகைத் தோற்றங்களுக்கும் அடியில் மாறாத ஒரே பொருள் இருக்கிறது என்ற எண்ணம் சாத்தியமாயிற்று என்றார் தாம்சன். பார்மெனிடீஸ் சொன்ன மாறாத, பிரிக்க முடியாத ‘ஒன்று’ அந்தப் பரிமாற்ற மதிப்பின் நிழல் என்பது அவர் முடிவு. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து பர்மிங்காமில் தங்கிய மார்க்சியச் சிந்தனையாளர் ஆல்ஃபிரட் ஸோன்-ரெத்தலோடு அவருக்கு இருந்த நட்பு இந்தச் சிந்தனைக்கு உரமூட்டியது. இதையும் பலர் மிகை என்றார்கள். ஆனால் 2004இல் செவ்வியல் அறிஞர் ரிச்சர்ட் சீஃபோர்ட், பணமும் தொடக்ககாலக் கிரேக்க மனமும் பற்றிய தம் நூலில் இதே கேள்வியைப் புதிய சான்றுகளோடு மறுபடி எடுத்துப் பேசினார்.

கட்சி வாழ்க்கையிலும் அவர் தலையாட்டியாக இருக்கவில்லை. 1951இல் பிரிட்டன் கம்யூனிஸ்ட் கட்சி நாடாளுமன்ற வழியை முன்வைத்துப் புதிய திட்டத்தை ஏற்றபோது, பாட்டாளி வர்க்கச் சர்வாதிகாரம் என்ற கருத்து அதில் இல்லை என்று சொல்லி நிர்வாகக் குழுவில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. பின்னாளில் சோவியத்–சீனப் பிளவில் சீனாவின் பக்கம் சாய்ந்தார். 1971இல் எழுதிய ‘மார்க்ஸ் முதல் மாசேதுங் வரை’ அந்தச் சார்பில் எழுந்தது. சீனாவைப் பற்றிய அவர் நம்பிக்கைகளை அடுத்த பத்தாண்டுகளின் வரலாறு காப்பாற்றவில்லை.

1960களில் இலங்கையிலிருந்து பர்மிங்காமுக்கு வந்தார் கைலாசபதி. பேராதனையில் படித்தவர், ‘தினகரன்’ நாளிதழின் ஆசிரியராக இருந்தவர், மார்க்சியர். தமிழ் தெரியாத கிரேக்கப் பேராசிரியரிடம் சங்க இலக்கியம் பற்றி ஆய்வு செய்வது வெளிப்பார்வைக்கு விசித்திரமாகத் தோன்றலாம். கைலாசபதிக்குத் தேவைப்பட்டது தமிழ் சொல்லிக் கொடுப்பவர் அல்ல. பாணர்கள் பாடிய சமூகத்தை வேறு நாடுகளின் சான்றுகளோடு வைத்துப் பார்க்கத் தெரிந்தவர். பிளாஸ்கெட்டில் கேட்டதைக் கொண்டு ஹோமரைப் படித்தவரைவிடப் பொருத்தமான வழிகாட்டி கிடைப்பது அரிது. 1968இல் ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன் அச்சகம் வெளியிட்ட அந்த ஆய்வு, சங்கப் பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ், வெல்ஷ் வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டது. திரும்பத் திரும்ப வரும் தொடர்களையும் அடைமொழிகளையும் மில்மன் பாரியின் முறையில் ஆராய்ந்து, சங்கப் பாடல்கள் வாய்மொழி மரபில் உருவானவை என்ற முடிவுக்கு வந்தது. பாணர், பொருநர், கூத்தர், விறலியர் ஆகியோரின் சமூக நிலையை வகுத்துக் காட்டிய பகுதிகள் இன்றும் ஆய்வாளருக்கு உதவுகின்றன. வாய்மொழி என்ற முடிவை மட்டும் பலரும் ஏற்கவில்லை. சங்கப் புலவர்கள் எழுத்தறிந்தவர்கள், பாணர் மரபைப் பின்பற்றி எழுதினார்களே தவிர அவர்களே பாணர்கள் அல்லர் என்று அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வாதிட்டார். பாடல்களின் செறிவையும் சுருக்கத்தையும் பார்த்தால் ஹார்ட்டின் மறுப்பில் நியாயம் இருக்கிறது.

சிவத்தம்பி 1970இல் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வு, ‘ஈஸ்கிலஸும் ஏதென்ஸும்’ எழுப்பிய கேள்வியைத் தமிழுக்குக் கேட்டுப் பார்த்தது. வெறியாட்டு, குரவை, துணங்கை என்று இத்தனை சடங்காட்டங்கள் இருந்த பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் எப்படி வளர்ந்தது, கிரேக்கத்தில் போன்ற வளர்ச்சி ஏன் நிகழவில்லை என்பது அதன் மையம். 1981இல் சென்னையில் நூலாயிற்று. ஐந்திணைகளை நிலம் சார்ந்த அழகியலாக மட்டும் பாராமல், சமமற்ற பொருளாதார வளர்ச்சியின் அடையாளங்களாகக் கண்ட அவருடைய 1974ஆம் ஆண்டுக் கட்டுரையும் இந்தப் பயிற்சியின் விளைச்சலே. ஆசிரியரின் படிநிலைகளை மாணவர் அப்படியே தமிழில் பொருத்தவில்லை. ஒரே காலத்தில் பல வளர்ச்சி நிலைகள் அருகருகே இருந்ததை எடுத்துக்காட்டியதில் சிவத்தம்பி தாம்சனைவிட எச்சரிக்கையானவர்.

பிளாஸ்கெட் தீவு 1953இல் காலியாயிற்று. எஞ்சியிருந்தவர்களை அரசு கரைக்குக் குடியேற்றிவிட்டது. ஓ சலிவன் அதற்கு முன்பே, 1950இல், கடலில் குளிக்கும்போது மூழ்கி இறந்திருந்தார். தாம்சன் தம் கடைசிக் காலத்தில் மீண்டும் அந்தத் தீவைப் பற்றியே எழுதினார். 1987 பிப்ரவரியில் அவர் பர்மிங்காமில் இறந்தபின், மறு ஆண்டு அந்தப் பிளாஸ்கெட் நூல் ஆங்கிலத்தில் வெளியாயிற்று. கைலாசபதி அவருக்கு முன்பே, 1982இல், ஐம்பது வயதை எட்டாமலே மறைந்தார். சிவத்தம்பி 2011 வரை வாழ்ந்தார். அவ்விருவரின் ஆய்வேடுகளும் ‘தமிழ் வீரநிலைக் கவிதை’, ‘பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம்’ என்ற பெயர்களில் தமிழில் கிடைக்கின்றன. அவற்றைப் படிப்பவர்கள் ‘ஈஸ்கிலஸும் ஏதென்ஸும்’ நூலையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மாணவர்கள் எங்கே ஆசிரியரைப் பின்பற்றினார்கள், எங்கே விலகினார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.